மேஜர் தண்ணீரில் இறங்கினார்

போதகர் பட்டாளத்தை விட்டு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. பட்டாளம்தான் அவரை விட்டபாடில்லை. "ஜெபத்துக்கு எழுந்து நிற்போம்" என்று அவர் சொன்னால் சபை சடாரென்று எழுந்துவிடும். முழங்கால் வலிக்காரர்கள்கூட எழுந்த பிறகுதான் வலியை நினைத்து முனகுவார்கள். பிரசங்கத்தில் தூங்கும் வழக்கமுள்ள பல் டாக்டர், வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதரையும் அட்டென்ஷனில் நிறுத்த ஒருவர் இருந்தார். மேஜர்.

போதகர் சார்ஜென்டாக இருந்த காலத்தில் அவருக்கு மேலதிகாரி. ஓய்வு பெற்று இதே ஊருக்குக் குடிவந்தவர், ஒரு ஞாயிறு காலை ஆலயத்துக்குள் நுழைந்து கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். வந்தது சாமி கும்பிட இல்லை. தன்னிடம் வேலை பார்த்தவன் இங்கே ஒழுங்காக வேலை பார்க்கிறானா என்று சோதிக்க.

ஆராதனை முடிந்ததும் வாசலில் தீர்ப்பு வந்தது.

"பாட்டு இழுக்குது. பிரசங்கம் நீளம். ஷூ பாலிஷ் பரவாயில்லை."

"தேங்க் யூ சார்" என்றார் போதகர், விறைத்து நின்றபடி.

மேஜர் அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். நாளாக நாளாகக் குறை சொல்வது குறைந்தது. கட்டிய கைகள் அவிழ்ந்தன. ஒருநாள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார்ஜென்ட், நானும் சேர்றேன். ஏற்பாடு பண்ணு."

பாசறைக் காலத்திலிருந்தே இந்த மனிதருக்காகத் தினமும் ஜெபித்து வந்தவர் போதகர். கண் நிறைந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என்னய்யா, அழுறியா?"

"தூசி சார்."

"ஒழுங்கா கூட்டச் சொல்லு."

சந்தோஷம் வீடு போய்ச் சேரும்வரைதான் நீடித்தது. வீட்டுப் படியேறும்போது ஒரு விஷயம் உறைத்தது. சபையில் சேர ஞானஸ்நானம் வேண்டும். பாப்டிஸ்ட் சபையில் தலையில் நாலு துளி தெளித்துவிட்டு ஞானஸ்நானம் என்று சொல்ல முடியாது. ஆளைத் தொட்டியில் இறக்கி, பிடரியிலும் இடுப்பிலும் கை கொடுத்து, மல்லாக்கச் சாய்த்து, முழுசாக முக்கி எடுக்க வேண்டும்.

"அவரை நான் எப்படி முக்குறது?" என்றார், மனைவி கழுவிக் கொடுத்த தட்டைத் துடைத்தபடி.

"எல்லாரையும் முக்குற மாதிரிதான்."

"அவரு மேஜரும்மா."

"தொட்டிக்குள்ள என்னங்க மேஜரும் மைனரும்? முதல்ல அந்தத் தட்டைக் கீழ வைங்க. அது துடைச்சு ரொம்ப நேரம் ஆச்சு."

ஞாயிறு வந்தது. மேடைப் பலகைகளைக் கழற்றி, கீழேயிருந்த தொட்டியை முந்தின நாளே நிரப்பி வைத்திருந்தார்கள். மேஜர் வெள்ளை அங்கி போட்டு, மீசையை முறுக்கி, நெஞ்சில் பதக்கங்கள் அத்தனையையும் குத்திக்கொண்டு வந்து நின்றார்.

கழற்றச் சொல்லப் போதகருக்குத் துணிவு வரவில்லை. அவர் மனைவிதான் முன்னால் போய்க் கையை நீட்டினார். "துருப்பிடிச்சிரும் சார், கொடுங்க. பத்திரமா வச்சிருக்கேன்." மேஜர் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார். இவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று போதகர் வாயைப் பிளந்தார்.

தொட்டியின் விளிம்பில் அளவையார் நின்றார். சபைக் காரியங்களைக் கவனிக்கும் மூத்த டீக்கன். வேலையில் இருந்தபோது நிலம் அளந்தவர். தலை முழுசாக முங்கியதா என்று கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்வது அவர் பொறுப்பு. அதில் அவர் தராசு முள் மாதிரி. ஒரு மணப்பெண்ணின் கொண்டை நுனி நனையவில்லை என்று அவளை மறுபடி இறங்க வைத்தவர்.

இருவரும் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். போதகர் பிடரியில் கை வைத்து, வசனத்தைச் சொல்லி, மெல்லச் சாய்த்தார். பாதி சாய்ந்ததும் மேஜரின் குரல் வெடித்தது.

"ஹால்ட்!"

போதகரின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. அவரைக் கேட்டா நின்றன? மேஜர், லாரியிலிருந்து பாதி இறக்கிய பீரோ மாதிரி சாய்ந்து கிடந்தார்.

"தூக்கு!"

தூக்கினார்.

"பின்னந்தலைதான் நனைஞ்சிருக்கு" என்றார் அளவையார். "செல்லாது."

இரண்டாவது தடவை. மறுபடி "ஹால்ட்!" மறுபடி "தூக்கு!" பாடகர் குழு எதைப் பாடுவதென்று தெரியாமல் ஒரு பல்லவியை ஆரம்பித்து நிறுத்தியது.

"நெத்தி நனையலை ஐயா."

மேஜரின் முகம் சிவந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுலயும் ஆகலைன்னா கிளம்பிருவேன். அப்புறம் இந்தத் திசையிலயே தலை வச்சுப் படுக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள். போதகரின் இத்தனை வருஷ ஜெபம், நெஞ்சளவுத் தண்ணீருக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் மனைவி, 'முக்குங்களேன்' என்று கண்ணாலேயே அதட்டினார்.

அப்போதுதான் போதகர் கவனித்தார். மேஜரின் விரல்கள் அவர் மணிக்கட்டை இறுக்கிய இறுக்கில் நகம் பதிந்திருந்தது. மேஜரைச் சுற்றித் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்தது. ஆள் நடுங்குகிறார்!

"சார்" என்றார் காதோரம். "உங்களுக்குத் தண்ணின்னா பயமா?"

"வாயை மூடு."

"ஆத்தைக் கடக்குற பயிற்சியில எங்களை அந்த விரட்டு விரட்டுனீங்களே?"

"கரையில நின்னுதானேடா விரட்டுனேன்?"

போதகர் அவரை உற்றுப் பார்த்தார். கரையில் நின்று கர்ஜித்த சிங்கம், காதில் தண்ணீர் போய்விடுமோ என்று பயந்த பிள்ளையாக எதிரே நின்றது. இவரைப் பார்த்தா இத்தனை காலம் நடுங்கினோம்! நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு எங்கோ போயிற்று. அந்த இடத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்தது. இரக்கத்தோடு கூடவே பழைய குரலும் வந்துவிட்டது.

"நேரா நில்லு!"

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேஜர் விறைத்தார். சபை முழுக்க முதுகுகள் நிமிர்ந்தன.

"மூச்சை இழு! அடக்கு! கண்ணை மூடு!"

"யெஸ் சார்!" என்றார் மேஜர், பழக்க தோஷத்தில்.

வாயைத் திறந்த அதே நொடியில் போதகர் சாய்த்தார். மீசை கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையோடு உள்ளே போனது. மேலே குமிழ்கள் மட்டும். அடுத்த கணம் மேஜர் இருமிக்கொண்டும் துப்பிக்கொண்டும் மேலே வந்தார்.

"உசிரோடதான் இருக்கேன்" என்றார் ஆச்சரியமாக.

சபையில் ஓர் ஆமென் இல்லை. போதகர் நிமிர்ந்து பார்த்தார். வரிசை வரிசையாக ஆட்கள் கண்ணை இறுக்க மூடி, கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மூச்சு விடலாம்" என்றார்.

லாரி டயர் காற்று இறங்கினாற்போல ஒரு சத்தம் எழுந்தது. அளவையார் கடைசியாகக் கண்ணைத் திறந்தார். மேஜரைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"நான் பாக்கலையே ஐயா!"

"அவரைப் பாருங்க, சொட்டச் சொட்ட நிக்கிறாரு" என்றார் போதகர்.

"தெறிச்ச தண்ணியாகூட இருக்கலாம். முங்குனதைப் பார்த்த சாட்சி வேணும். யாராவது பார்த்தீங்களா?"

பின்வரிசைகளில் ஒரு கையும் எழவில்லை. பல் டாக்டர்கூட அன்றைக்கென்று கண்ணை மூடிவிட்டிருந்தார்.

"மறுபடியுமா?" என்றார் மேஜர். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருப்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது.

"முங்குனாரு" என்று முன்வரிசையிலிருந்து போதகரின் மனைவி எழுந்தார். "நெத்தி, மூக்கு, மீசை, எல்லாமே முங்குச்சு. நான் பார்த்தேன்."

அளவையார் விடுவதாக இல்லை. "அதெப்படிம்மா? ஐயா போட்ட சத்தத்துல சபையே கண்ணை மூடிருச்சே!"

"இவரு சொல்லி நான் என்னைக்குங்க கண்ணை மூடியிருக்கேன்?"

சபை வெடித்துச் சிரித்தது. இந்தச் சாட்சியத்தை அளவையாராலும் மறுக்க முடியவில்லை. இதில் ஊரே அந்த அம்மாவுக்குச் சாட்சி. "செல்லும்" என்று அவர் கையை உயர்த்த, பாடகர் குழு விட்ட பல்லவியை ஓடிப்போய்ப் பிடித்தது.

மேஜர் மீசையை வழித்துவிட்டுக் கேட்டார். "இனி இறங்க வேண்டாம்ல?"

"வேண்டாம். படியைப் பார்த்து ஏறுங்க, வழுக்கும்."

மேஜர் போதகரின் தோளைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து ஏறினார்.