பதிந்த பேர்

"இதுக்கு முன்னால எங்கயாச்சும் வேலை செஞ்சிருக்கீங்களான்னு கேட்டிருக்காங்கப்பா," என்றாள் ரஜனி. பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு பதிலையும் அவளே சொல்லிக்கொண்டாள். "இல்ல." சொன்னதோடு நிற்காமல் குண்டு குண்டாக அதை ஆஸ்பத்திரிப் படிவத்தில் எழுதியும் விட்டாள்.

அழகமுத்துவுக்குக் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரண்டு தரம் இருமினார். மகள் முதுகைத் தட்டிவிட்டு, புதிதாகத் தைத்த வெள்ளை உடுப்பில் துளி படாமல் தள்ளி நின்றுகொண்டாள்.

இல்லை என்பது அவளைப் பொறுத்தவரை சத்தியம். ஆனால் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் ஒரு செக்ரோல் இருக்கிறது. வேலையாட்களின் பேர் பதிகிற அந்தப் புத்தகத்தில் மூன்று மாதமாக ரஜனி என்ற பேரும் இருக்கிறது. பதிய வைத்தவர் அழகமுத்துதான். மகளுக்கு அது தெரியாது. இன்றைக்கு மாத்தளையில் நர்ஸ் வேலையில் சேரப் போகிற பிள்ளையிடம் அதை எந்த வாயால் சொல்வது?

அழகமுத்து அந்தத் தோட்டத்தின் வாசக்கூட்டி. றத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகிற பாதையில், மதியம் வரைக்கும் பனி விலகாத ஒரு மடக்கில் கிடக்கிறது அந்தத் தோட்டம். வேலையாட்கள் குடியிருக்கிற லயத்து வாசல்களைக் கூட்டுவது, சாக்கடைக் கான் அள்ளுவது, கக்கூஸ் அடைத்தால் குத்திவிடுவது, இதுதான் நாற்பது வருஷமாக அவருக்கு வேலை. அவருடைய அப்பாவுக்கும் இதேதான். கொழுந்து பறிக்க, செடிக்குக் கவ்வாத்து வெட்ட யார் பேரும் பதியலாம். வாசல் கூட்ட மட்டும் அந்த ஒரு வீட்டுப் பேர்தான் பதியும், அந்த வீட்டுப் பேர் வேறு எதற்கும் பதியாது. எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் எவனும் காட்ட மாட்டான். மேல் லயத்தில் கலியாணம் நடந்தால் அழகமுத்துவுக்கு இலை எங்கே விழுகிறது என்று போய்ப் பாருங்கள், சட்டம் தானாகத் தெரியும்.

அந்த வீட்டுப் பிள்ளைதான் நர்ஸுக்குப் படித்தது. அம்மா சந்திரகாந்தா குவைத்தில் யாரோ ஒருத்தியின் குசினியில் நின்று அனுப்பிய காசு, கண்டியில் ஒரு தனியார் கல்லூரி, மூன்று வருஷம். சான்றிதழ் வந்த அன்று அழகமுத்து அதைக் கையில் வாங்காமல், மகளையே பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி தூரத்திலிருந்து பார்த்தார். கை கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார், என்றாலும் மனசு வரவில்லை. நம்ம தோட்டத்துக்கே ஒரு நர்ஸ் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பேசின அதே வாயால், இவ கையால யாரு ஊசி போட்டுக்கிறது என்றும் கேட்டுச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் வேலை தேடினாள். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் படிப்பித்த பிள்ளைகள்தான் என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளில் மாத்தளை, கண்டி, குருணாகல் என்று ஏறி இறங்கினாள். போன இடமெல்லாம் ஒரே பாட்டுத்தான்: இரண்டு வருஷ அனுபவம் வேணும். யாராவது முதலில் ஒரு வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? இந்தச் சின்னக் கணக்கு அந்தப் பெரிய படிப்புப் படித்தவர்களுக்குப் புரியவில்லை பாருங்கள். கூடப் படித்த றிப்னா நாவுலயில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ரஜனி பாதி உடம்பாகிப் போனாள். சில நாள் முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டாள். படித்தது தப்பாப்பா என்று ஒருநாள் கேட்டாள். அழகமுத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இந்த இடைவெளியில் அவருக்கு அறுபது முடிந்தது. பெரிய கிளாக்கர் கூப்பிட்டனுப்பி, பேரை வெட்டியாச்சு என்றார். வீட்டில் வேறு ஆள் பேர் பதியவில்லை என்றால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவைக் கையளிக்க வேண்டும், மகள் சும்மாதானே இருக்கிறாள் என்றார். அது நர்ஸுக்குப் படிச்சிருக்குங்க என்று இவர் சொல்ல, நர்ஸ் வேலை கிடைச்சிருச்சா என்று அவர் திருப்பிக் கேட்டார்.  காம்பரா போனால் எங்கே போவது? குவைத்திலிருந்து வருகிறவள் எந்த வாசலில் வந்து இறங்குவாள்? மகளுடைய பைலிலிருந்து அடையாள அட்டைக் கொப்பி ஒன்றை உருவிக்கொண்டு போனார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னார். கிளாக்கருக்கு ஏதோ அவசரம், கையெழுத்துக்குப் பதில் இவருடைய பெருவிரலையே வைக்கச் சொல்லிவிட்டார். மூன்று பாஷை எழுதத் தெரிந்த பிள்ளையின் பேருக்கு நேரே ஒரு பெருவிரல் ரேகை விழுந்தது.

வேலையை அவரே செய்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை "ரஜனி" என்று கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று விளக்குமாற்றோடு இந்தக் கிழவர் முன்னால் வருவார். பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் வெட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். விஷயம் மகள் காதுக்கு எட்டாததற்குக் காரணம், அவர்கள் காம்பரா மற்ற லயங்களை விட்டு விலகி ஆற்றோரத்தில் கிடந்தது. அந்தச் சாதி அவர்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

சொல்லிவிட வேண்டும் என்று வீட்டிலேயே இரண்டு தரம் வாயெடுத்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது எடுத்தார். றத்தோட்டை தாண்டியதும் மகள் யன்னலோரம் திரும்பி, மொதச் சம்பளத்துல அம்மாவ வரச் சொல்லிருவோம்ப்பா என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஆட்களைச் சேர்க்கிற அறையில் இருந்தவர் தவமணிதேவி. வடக்கிலிருந்து வந்து மாத்தளையிலேயே முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது இங்கே. நெற்றியில் திருநீறு, பேச்சில் ஒரு கனிவு. ரஜனியின் மார்க்குகளைப் பார்த்து நேர்முகத்தில் அவளைத் தேர்ந்தெடுத்ததும் இவர்தான். அப்பாவையும் மகளையும் இருக்கச் சொன்னார். ரஜனி உட்கார்ந்தாள். அழகமுத்து, பரவாயில்லைங்கம்மா என்று சுவரோடு நின்றுகொண்டார். ஆபிஸ் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை.

சம்பளத்தில் பிடிக்கிற சேமலாப நிதிக்குப் பதிய அடையாள அட்டை இலக்கத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிய தவமணிதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உமக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கே பிள்ளை. ஒரு தோட்டத்திலை வேலை செய்யிறதாக் காட்டுது. இல்லை எண்டெல்லோ எழுதியிருக்கிறீர்?"

ஏதோ பிழை நடந்திருக்கும் மேடம் என்றாள் ரஜனி. அப்படித்தான் இருக்கும், ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்று தவமணிதேவி தோட்டத்து ஆபிசுக்குப் போன் போட்டார். கை இரண்டும் பைலில் இருந்ததால் ஸ்பீக்கரைத் திறந்து மேசையில் வைத்தார். பெரிய கிளாக்கரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ரஜனியா? நம்ம வாசக்கூட்டிங்க மேடம். மூணு மாசமா இருக்கு. லீவே போடாத ஆளு, நல்ல வேலைக்காரி."

ரஜனி மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் செத்துப் போயிருக்கலாம்.

"காம்பரா போயிரும்னுதான் பாப்பா," என்றார். பிறகு அவசர அவசரமாகத் தவமணிதேவியிடம் திரும்பினார். "நான்தான் கூட்டுனேங்கம்மா. அது பேரு மட்டுந்தான். சத்தியமா வெளக்குமாத்தக் கையால தொட்டதில்லைங்க."

"தொட்டிருந்தா என்னப்பா?" என்றாள் ரஜனி. 

தவமணிதேவி போனை அணைத்தார். பேசியபோது முதலில் இருந்ததைவிடக் கனிவாகத்தான் பேசினார், அதுதான் கொடுமை. தான் வித்தியாசம் பார்க்கிற ஆள் இல்லை என்றார். தன் மகள் லோஜனாவுக்கும் இந்த வயசுதான் என்றார். "ஆனா இது சின்ன ஊர் பிள்ளை. றத்தோட்டைப் பக்கத்துச் சனம்தான் எங்களிட்டைக் கூடுதலா வருது. ஆரும் ஒருத்தர் உம்மை அடையாளம் கண்டு, இவவின்ரை கையாலை மருந்து வேண்டாம் எண்டு சொன்னால் எங்களுக்கெல்லோ கரைச்சல்." பிறகு அவருக்கே ஒரு நல்ல யோசனை வந்தது போல முகம் தெளிந்தது. "துப்புரவுப் பகுதியிலை ஆள் தேவையிருக்கு. இப்பவே போடலாம். உமக்கு மூண்டு மாச அனுபவமும் இருக்குத்தானே."

அழகமுத்துவுக்குத் தன் பெருவிரலை வெட்டிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு நினைப்பு ஓடியது. மேசையைச் சுற்றிப் போய் அந்த அம்மாவின் காலில் விழக் குனிந்தார். ரஜனி எழுந்து அவருடைய கையைப் பிடித்து நிமிர்த்திவிட்டாள். நோயாளியைத் தூக்கப் படித்த பிடி, வலிக்காமல் தூக்கியது.

"நர்ஸ் வேலைக்கு எடுக்கலைன்னு எழுதிக் குடுங்க மேடம்," என்றாள். "ஏன்னும் எழுதுங்க."

இவ்வளவோடு முடிந்ததே என்று தவமணிதேவிக்கு நிம்மதி. மளமளவென்று தட்டி அச்செடுத்து ஆஸ்பத்திரி முத்திரையும் குத்திக் கொடுத்தார். போதிய அனுபவம் இல்லாத காரணத்தினால் நியமனம் வழங்க முடியாமைக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. ரஜனி அதைப் படித்துவிட்டு மேசையில் திருப்பி வைத்தாள்.

"இது பொய்ங்க மேடம். அனுபவம் இல்லைன்னு தெரிஞ்சுதானே எடுத்தீங்க. உள்ளத எழுதுங்க. வாசக்கூட்டி மகள்னு எழுதுங்க, நாங்க போயிர்றோம்."

"அப்பிடி எழுதேலாது பிள்ளை. அது பிழை."

"எழுத ஏலாதத எப்படிங்க மேடம் செய்யலாம்?"

 ரஜனி நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளை உடுப்பை முழங்காலுக்கு இழுத்துவிட்டு, எழுதுகிற வரைக்கும் இருக்கிறேன் என்றாள். சண்டைக்காரியின் குரல் இல்லை அது. கண்ணில் நீர் கட்டியிருந்தது, ஆனால் கீழே விழவில்லை. வாசலில் சீட்டோடு காத்திருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அழகமுத்து மகளைப் பார்த்தார். இந்தப் பிள்ளையின் படிப்பைத் தானே கூட்டிக் குப்பையில் தள்ளிவிட்டதாக அவருக்குத் தோன்றியது.  அந்தப் போனை இன்னொரு தரம் போட்டுத் தருவீர்களா அம்மா என்று கேட்டார். ஏன் என்று தெரியாமலேயே தவமணிதேவி போட்டுக் கொடுத்தார்.

"ஐயா, நான் அழகமுத்து. எம் மக பேர வெட்டிருங்க."

"வெட்டுனா காம்பராவ விட்றணும், தெரியுமில்ல?"

"தெரியுங்க." போனை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். "அது பேரு இன்னிக்கே வெட்டணுங்க."

 கிளாக்கர், உண்மையாகவே கவலைப்பட்டு, கேட்டார்: "அப்ப நாளைக்கு வாசல யாருப்பா கூட்டுறது?"

நானூறு பேர் இருக்கிற தோட்டம் அது. கையும் காலும் திடமாக உள்ள எத்தனையோ ஆள் இருக்கிறார்கள்.

"எங்க வீட்ல இனிமே ஆள் இல்லைங்கய்யா," என்றார் அழகமுத்து. "நீங்கதான் யாரையாச்சும் பாத்துக்கணும்."

போனை மேசையில் வைத்தார். இன்று சாயந்திரம் போய்ச் சட்டி பானையைக் கட்ட வேண்டும், சந்திரகாந்தாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாது, நாளைக்கு எங்கே படுப்பது என்றும் தெரியாது.  காலியாகக் கிடந்த மற்ற நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

தவமணிதேவி கடிதத்தை மறுபடியும் திரையில் எடுத்தார். பழைய வரியை அழித்தார். 'காரணம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று மினுங்கி மினுங்கி நின்றது. அவருடைய விரல்கள் எழுத்துகளின் மேலேயே கிடந்தன. அப்பாவும் மகளும் காத்துக்கொண்டிருந்தார்கள்.