கட்டைவிரல்களுக்கு ஒரு ரிப்பன்

மாட்டுப்பண்ணையில் அவளுக்குக் கட்டைவிரலம்மா என்றுதான் பெயர். மாட்டு முதுகில் ஈப்புழு புகுந்து கட்டி கிளம்பினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கட்டியின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து ஒரே நெரி. கொழுத்த புழு துள்ளி வந்து விழும்.

போன மாதம் அவசரத்தில் பழுக்காத கட்டி ஒன்றை நெரித்தாள். புழு உள்ளேயே உடைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மாட்டுக்கு முகம் வீங்கி, மூச்சு இழுத்து, கால் மடங்கியது. மாட்டு டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மகள் தலையில் ஒரு கட்டி. பத்து வயது, வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். சாயங்காலமானால் அம்மாவைத் தேடிக் கொட்டகைக்கு வந்துவிடுவாள். ஒரு வாரமாக அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை.

"அம்மா, உள்ள ஏதோ நடக்குது."

"பேன்தான் இருக்கும்டி."

"பேன் வெளியதான நடக்கும்?"

முடியை விலக்கிப் பார்த்தாள். கட்டி நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. கட்டைவிரல்கள் தாமாகவே இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்தன. பாதி அமுக்கியிருப்பாள், வாலு வீல் என்று அலறினாள். மடங்கி விழுந்த மாட்டின் கால்கள் கண்முன் வந்தன. நெருப்பைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டார்: "அமுக்கினீங்களா?"

"பாதி."

"பாதியோட விட்டீங்களே, அதுவே போதும். மாட்டுக்கு வர்ற அதே ஈதான். தானா வந்து முட்டை வைக்காது. கொசுவைப் பிடிச்சு அது வயித்துல ஒட்டி அனுப்பும்." கட்டிமேல் வாஸ்லினை அப்பி, பிளாஸ்திரி ஒட்டினார். "மூச்சு முட்டினா புழு மேல வரும். நாலு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

மணி பத்துதான் ஆகியிருந்தது. வீட்டில் அவளுக்குக் கால் தரிக்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளாஸ்திரியிடம் கை போனது. வாலு தன் ரிப்பனை அவிழ்த்து, அம்மாவின் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

சாப்பிட வந்த அப்பா சிரித்தான். "என்னடி, அம்மாவைக் கைது பண்ணிட்டியா?"

"ஆமாப்பா. நாலு மணி வரைக்கும் ஜாமீன் கிடையாது."

இரண்டு மணிக்குப் புழு குடைய ஆரம்பித்தது. வாலு தலையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

"எடுத்துடும்மா! மாட்டுக்கு மட்டும் எடுப்ப, எனக்கு எடுக்க மாட்டியா?"

சின்னப் பிள்ளை போட்ட முடிச்சு; ஒரு இழு இழுத்தால் அவிழ்ந்துவிடும். அவள் இழுக்கவில்லை. கட்டுண்ட கைகளுக்குள் மகளை வளைத்துப் பிடித்தாள்.

"நான் எடுத்துத்தான்டி அந்த மாடு செத்துச்சு."

வாலு ஓட்டத்தை விட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். "பாம்பு இல்லையா?"

"இல்ல."

வாலு ரிப்பனை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

நாலு மணிக்கு டாக்டரம்மா பிளாஸ்திரியைப் பிரித்தபோது புழுவின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தார். உடையாமல், முழுசாக வந்தது. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள் வாலு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மகளை வீட்டில் விட்டுவிட்டுப் பண்ணைக்குப் போனாள். மேஸ்திரி வாசலிலேயே நின்றார்.

"வா வா கட்டைவிரலம்மா, காளைக்கு மூணு கட்டி."

"வாஸ்லின் இருந்தா எடுங்க. இன்னிக்கு நெரிக்கப் போறதில்ல." ரிப்பன் இன்னும் ஒரு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றித் திருகினாள். "அப்புறம் மேஸ்திரி, அந்த மாட்டைப் பாம்பு கடிக்கல."