வயிறில்லாத எலும்புக்கூடு

எங்கள் டெ மாய்ன் ஊரில் ஹாலோவீன் மிட்டாய் சும்மா கிடைக்காது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி என்றால் எங்களுக்கு முப்பதாம் தேதி. பிச்சைக்கார ராத்திரி என்று பெயர். பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிந்துவிடும். கதவு திறந்ததும் பிள்ளை ஒரு ஜோக் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மிட்டாய்.

என் மகள் டெஸ்ஸிக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. வீட்டுக்குள் அவளுக்கு வாய் ஓயாது. வாசற்படி தாண்டினால் ஒரு சொல் வராது. யாராவது பெயர் கேட்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள், நான் பெயரைச் சொல்வேன். என்ன பிடிக்கும் என்று கேட்டால் அதையும் நானே சொல்வேன். நாளடைவில் அவளைப் பற்றிய கேள்வியையும் எல்லாரும் என்னிடமே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதைப் போட்டு உடைத்தது என் கணவர் டெரலின் அக்கா ஷார்லீன். எங்கள் தெருவில் முதல் வீடு அவளுடையது. அன்று மத்தியானம் வந்திருந்தாள்.

"டெரல் சோள லாரியோட அலையிறான். பேசாத பிள்ளையையும் கைப்பிள்ளையையும் இழுத்துக்கிட்டு நீ எங்கடி கிளம்புற, மார்லா? பேசாம வீட்டுல உக்காரு."

"அவ பேசுவா. மூணு வாரமா ஒரு ஜோக் பழகி வெச்சிருக்கா."

"யார்கிட்ட சொல்லிக் காட்டினா?"

"நாய்கிட்ட."

ஷார்லீன் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீ வாய மூடினாத்தான் அவ வாயத் திறப்பா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். உண்மையாக இருந்ததால் கோபம் இரட்டிப்பாக வந்தது. அப்போதே முடிவு செய்தேன். இன்றைக்கு ஒரே ஒரு வாசலிலாவது டெஸ்ஸி தானாகச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதிலாக நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

டெஸ்ஸிக்கு எலும்புக்கூடு வேஷம். குளிருக்குப் பயந்து பஞ்சுக் கோட்டை மாட்டி, அதற்கு மேல் எலும்பு வரைந்த கறுப்புச் சட்டையை இழுத்துவிட்டேன். விலா எலும்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. ஆறு மாத மகன் கல்வினுக்குப் பரங்கிக்காய் உடுப்பு. அவனைப் பையில் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டேன்.

முதல் கதவு ஷார்லீன் வீடு. திறந்தாள். டெஸ்ஸி மிட்டாய் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஷார்லீன் இரண்டு நொடிகூடப் பொறுக்கவில்லை. "என்ன, சொல்ல மாட்டாளாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, மிட்டாயை வாளியில் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

அடுத்த வீடுகளில் அன்புத் தொல்லை. "அச்சச்சோ, வெக்கமா? பரவாயில்ல கண்ணு, இந்தா!" எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்களை அறைய வேண்டும் போல எனக்கு அன்றுதான் முதல் முறை தோன்றியது. ஒருவராவது காத்திருக்கக் கூடாதா? எட்டு வீடு, எட்டு மிட்டாய், ஜோக் ஒன்றுகூட இல்லை.

டெஸ்ஸி வாளிக்குள் எட்டிப் பார்த்து, "நான் ஜோக் சொல்லலியே" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

"பரவாயில்லடா."

அவள் முகத்தைப் பார்த்தால் பரவாயில்லை என்று தெரியவில்லை.

அப்போதுதான் கல்வின் முகம் சிவந்து, கண்ணை இறுக்கிக்கொண்டு வேலையை முடித்தான். சாதாரண வேலை இல்லை. கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. விளக்கு எரியாத ஒரு வீட்டுப் படியில் துணியை விரித்து அவனைத் துடைத்து, பரங்கிக்காய் உடுப்பைச் சுருட்டித் தோள்பையில் திணித்து, என் ஜாக்கெட்டைக் கழற்றி அவனைச் சுற்றினேன். வெறும் சட்டையோடு எனக்குப் பல் தந்தியடித்தது. மணி ஏழு ஐம்பது.

"வீட்டுக்குப் போலாமா?" என்று டெஸ்ஸி கேட்டாள்.

"இன்னும் ஒரு வீடு இருக்கு."

தெருக்கோடியில் டிட்மர் வீடு. முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். சரியாக எட்டு அடித்தால் வாசல் விளக்கை அணைத்துவிடுவார். ஜோக் இல்லாமல் மிட்டாய் தர மாட்டார், கைக்குழந்தையே வந்தாலும் சரி. கல்நெஞ்சக்காரர் என்று தெருவே திட்டும். அன்று எனக்கு அந்தக் கல்நெஞ்சம்தான் தேவைப்பட்டது. நெஞ்சில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று சுமந்துகொண்டு ஓடிப்போய், டெஸ்ஸியை வாசலில் இறக்கிவிட்டுக் கதவைத் தட்டினேன்.

மிஸ்டர் டிட்மர் கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் முழு நீளச் சாக்லேட் டப்பா.

"ம். சொல்லு."

டெஸ்ஸி தரையைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் காத்திருந்தார். எனக்குள் அந்த ஜோக் முட்டி மோதியது. முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டிட்மர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, நீ என்ன வேஷம்? எலும்புக்கூடா? எலும்புக்கூட்டுக்கு எங்கயாவது இவ்ளோ பெரிய தொப்பை இருக்குமா?"

அவமானம்! "அது கோட்டு" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் கல்வின் மணிக்கட்டு வரை கையை விட்டான். கீழ் உதட்டைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் பாதி வார்த்தை அவன் முஷ்டிக்குள்ளேயே நின்றுபோனது.

"தொப்பை இல்ல!" என்று ஒரு கத்தல் கேட்டது. என் மகள் குரல். "கோட்டு! எலும்புக்கூட்டுக்கு வயிறே இல்ல! அதான் அதுக்குப் பசிக்காது!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஜோக் தலைகீழாக வந்து விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டிட்மர் முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. "ஏன் பசிக்காது?" என்றார்.

டெஸ்ஸி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பத்தானே சொன்னேன்!"

மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டப்பா மடியிலிருந்து சரிந்தது. சாக்லேட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். "அடுத்த தடவ கேள்விய முதல்ல கேளு. அவங்க 'ஏன்'னு கேக்கற வரைக்கும் பதில சொல்லாத" என்றார். எட்டு அடித்தது. விளக்கை அணைத்தார்.

நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். டெஸ்ஸி நகரவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இதெல்லாம் சொல்லாம வாங்கினது."

"மணி எட்டாயிடுச்சுடா. எல்லாரும் விளக்க அணைச்சிட்டாங்க."

"கதவு இருக்குல்ல?"

இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று டெரலிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். குளிரில் என் விரல்கள் மரத்துப் போயிருந்தன. "சரி, நட" என்றேன்.

முதலில் வாங்கியது எங்கேயோ அங்கேதான் முதலில் போக வேண்டும் என்றாள். ஷார்லீன் வீடு இருட்டாக இருந்தது. தட்டினேன். முகத்தில் கிரீமைப் பூசிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள்.

"எட்டு மணி தாண்டியாச்சு. என்ன வேணும், மார்லா?"

நான் பேசவில்லை.

"என்னடி, கேக்குறேன்ல? ஜாக்கெட்டு எங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

கல்வின் இந்த முறை உதவிக்கு வரவில்லை, தூங்கிவிட்டிருந்தான். உதட்டை நானே கடித்துக்கொண்டேன்.

"அத்தை" என்று என் இடுப்புக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "எலும்புக்கூட்டுக்கு ஏன் பசிக்காது?"

ஷார்லீன் வாய் திறந்தபடி நின்றது. பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டெஸ்ஸி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஷார்லீன் மெல்லக் குனிந்து, முழங்காலை ஊன்றி, கிரீம் பூசிய முகத்தை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.

"தெரியலியேம்மா" என்றாள், என்னைப் பார்க்காமல். "நீ சொல்லு. ஏன்?"