கைதட்டல் வாய்

அதிபர் பதவியேற்ற காலையிலிருந்து அவருடைய மனைவி வாயைத் திறந்தால் பேச்சுக்குப் பதில் கைதட்டல் வந்தது. "மழை வரும், குடையை எடுத்துக்குங்க" என்றுதான் சொல்ல வந்தாள். ஓர் அரங்கமே எழுந்து நின்று தட்டியது. தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, உள்ளே கோளாறு ஏதுமில்லை, கடைசி வரிசைவரை ஆள் நிரம்பியிருக்கிறது என்றார். அரசாங்கத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதலில் அம்மையார், பிறகு கூட்டம், தட்டி ஓய்ந்தபின்தான் அதிபரின் அடுத்த வரி என்று விழா அதிகாரி விதி வகுத்தார். முந்திக்கொண்டு தட்டிய ஒரு துணை அமைச்சர் எல்லைக் காவலுக்குப் போனார். அதன்பின் எவனும் முந்தவில்லை.

அவள் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். அதிபர் மனைவியான பிறகும் காலை ஷிப்டை விடவில்லை. அவளுடைய "தள்ளும்மா" பிரசவ அறையில் பெருங்கைதட்டலாக விழுந்தது. "நாம படுற பாட்டுக்கு இப்பவாவது கைதட்டுறாங்களே" என்று ஒருத்தி வலிக்கு நடுவிலும் சிரித்தாள். அந்த ஆஸ்பத்திரியில்தான் அதிபரும் பிறந்திருந்தார். வினை அங்கேதான் பிடித்தது. அதை இடித்துவிட்டுத் தன் சிலையை நிறுத்தத் தீர்மானித்தார். சாப்பாட்டு மேசையில் அவள் தட்டைத் தள்ளிவிட்டு, இடிக்காதீங்க என்று கத்தினாள். சுவர் அதிரக் கைதட்டல். "பாத்தியா, உனக்கே எவ்வளவு சந்தோஷம்!" என்று அவர் சிலையை இன்னும் ஒரு மாடி உயர்த்தினார். எழுதி நீட்டினாள், வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உன் வாயை வச்சுத்தான்க்கா அவர் வண்டியே ஓடுது" என்று கூட வேலை பார்ப்பவள் தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டவள் அதை மனதில் முடிந்துகொண்டாள்.

இடிப்பு விழாவுக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே மேடை. பின்னால் புல்டோசர் உறுமிக்கொண்டு நின்றது. "இந்த இடத்தில் என் சிலை எழும்!" என்று அதிபர் கையைத் தூக்கி, புன்னகையோடு நிறுத்தினார். அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள். கூட்டம் அவளையே பார்த்தது. விழா அதிகாரி குனிந்தபடி ஓடிவந்தார். "ஒரு 'ம்' போதும்மா, நானும் பிள்ளைகுட்டிக்காரன்." அவர் திரும்பிப் போக வசதியாகக் காலை ஒதுக்கிக்கொண்டாள். "மானத்தை வாங்காதடி" என்று அதிபர் புன்னகை கலையாமல் பல்லிடுக்கில் சொன்னார். அவள் கைக்குட்டையை மடித்தாள். பொழுது சாய்ந்தது, நாற்காலிக்காரர்கள் நாற்காலிகளை எடுத்துப் போனார்கள், டிரைவர் எஞ்சினை அணைத்தார். கைதட்டல் இல்லாமல் அடுத்த வரி இல்லை. அதிபர் அப்படியே நின்றார்.

இன்னும் நிற்கிறார். கோப்புகள் மேடைக்கே வருகின்றன. அடுத்த இரண்டு தேர்தல்களிலும் முன்னைவிட அதிக வாக்கில் ஜெயித்தார். வாய் திறக்காத தலைவர்மீது யாருக்கு என்ன மனக்குறை? புல்டோசரைக் காட்டுக்கொடி படர்ந்து மூடிவிட்டது. தனியாகச் சிலை எதற்கு என்று நிதி அமைச்சரே கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் கைதட்டலோடு பிறக்கின்றன. அதற்குமுன் மேடைப் பக்கத்து ஜன்னல்களை அவள் ஒவ்வொன்றாகச் சாத்திவிடுகிறாள். மழைக்காலத்தில் வேலை முடிந்து போகும்போது, தூக்கிய அந்தக் கையில் ஒரு குடையை விரித்துச் செருகிவிட்டுப் போகிறாள். அங்கே மட்டும் வாயைத் திறப்பதில்லை.