ஐந்தாவது துளைக்கு அப்பால்

ஓரின் ஹாஸ்கெட் தன் தம்பியின் பெல்ட்டைக் கொண்டுவந்த அந்த ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை, கடையில் வெர்ன் இருந்தான். வெர்ன் தோல் விற்பவன். பென்சில்வேனியாவின் பதனிடும் ஆலை ஒன்றிலிருந்து வண்டி நிறையத் தோலைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு, வருடத்துக்கு இரண்டு முறை வயோமிங்கின் சேணக் கடைகளைச் சுற்றுவான். நான் முப்பது வருடமாக அவனிடம் வாங்குகிறேன், முப்பது வருடமாக அவனோடு சண்டை போடுகிறேன்.

"கன்னத்த வெச்சுப் பாருங்க மார்வா," என்றான். "என் பொண்டாட்டி கன்னம்கூட இவ்வளவு மெத்துனு கிடையாது."

"அவகிட்டச் சொல்லட்டுமா?"

"தாராளமா. அவ என்கூடப் பேசியே ரெண்டு வருசம் ஆச்சு."

"இதுல பாதி வயித்துத் தோல்டா. பெல்ட்டுக்கு முதுகுத் தோல்தான் வேணும்னு உனக்கு எத்தன தடவ சொல்றது? வயித்துத் தோலுல செஞ்சா மூணே மாசத்துல ரப்பர் மாதிரி இழுக்கும்."

அப்போதுதான் ஓரின் உள்ளே வந்தான். வெர்ன் வாயை மூடிக்கொண்டு தொப்பியைக் கழற்றினான். செய்தி அவனுக்கும் தெரிந்திருந்தது.

முந்தைய அக்டோபர் பதினொன்றாம் தேதி, ஓரினின் தம்பி லைல், மேய்ச்சலில் தங்கிவிட்ட கடைசி மாடுகளை இறக்கிவர பிக் ஹார்ன் மலைக்குப் போனான். அன்று மாலையே பனி பிடித்தது. மூன்றாம் நாள் அவனுடைய குதிரை சேணத்தோடு தனியாக வீடு வந்தது. முப்பது பேர் ஒன்பது நாள் தேடினார்கள். அடிவாரத்தில் காபியும் சூப்பும் ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி. ஒன்பதாம் நாள், தேடப் போனவர்களில் ஒருவனின் குதிரை பனிச்சரிவில் விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டது. ஆள் தப்பியது அதிர்ஷ்டம். அன்று மாலை ஷெரிஃப் ஓரினைப் பார்த்தார். ஓரின், "போதும். செத்தவனுக்காக இன்னொருத்தன் சாக வேண்டாம்," என்றான். சரியான முடிவு என்று எல்லோரும் சொன்னோம். அவன் கையில் காபியைக் கொடுத்து நானும் அதைத்தான் சொன்னேன்.

ஜூனில் பனி உருகியதும் ஓர் ஆட்டிடையன், பாறைக் கூரை ஒன்றின் அடியில் எலும்புகளைக் கண்டான். தொடை எலும்பு முறிந்திருந்தது. பாறையில் புகைக்கரி படிந்திருந்தது. இரண்டு மூன்று இரவு தாங்கியிருப்பான் என்றார் ஷெரிஃப். பேனாக்கத்தியும் பெல்ட்டும் மட்டும் அண்ணனிடம் வந்து சேர்ந்தன.

ஓரின் பெல்ட்டை என் கருங்கல் பலகை மேல் வைத்தான். பதினொரு வருடம் முன்பு நான் செய்தது அது. சுற்றிலும் காட்டு ரோஜா, முதுகுப் பக்கம் லைலின் பெயர், முன்னால் அவன் மாவட்ட ரோடியோவில் காட்டுக் குதிரை ஏறி வென்ற வெள்ளிக் கொக்கி. ரோஜாக்கள் கறுத்துப்போயிருந்தன. தோல் மரப்பட்டைபோல விறைத்திருந்தது. நுனியில் நான்கு விரல் அகலம் காணவில்லை.

"முள்ளம்பன்றி," என்றான் வெர்ன் மெதுவாக. "வியர்வை உப்புக்காகத் தின்னும். முழுச் சேணத்தையே தின்னத நான் பாத்திருக்கேன்."

"சனிக்கிழமை அடக்கம்," என்றான் ஓரின். "இதே மாதிரி ஒண்ணு எனக்குச் செஞ்சு தருவீங்களா? பேரு அவன் பேரே இருக்கட்டும். கொக்கிய அதுல மாட்டிக் கட்டிட்டுப் போறேன்."

"உன் இடுப்ப அளக்கட்டுமா?"

"அதையே அளந்துக்கோங்க. எனக்கும் அவனுக்கும் ஒரே இடுப்பு."

எங்கள் தொழிலில் இடுப்பை யாரும் வாய்மொழியாகக் கேட்பதில்லை. கேட்டால் ஆண்கள் கல்யாணத்தன்று இருந்த அளவைச் சொல்வார்கள். பழைய பெல்ட்டைக் கொண்டுவரச் சொல்வோம். கொக்கி உட்காரும் மடிப்பிலிருந்து, அதிகம் இழுபட்டு நீண்டிருக்கும் துளை வரை அளப்போம். அதுதான் அந்த ஆளின் அளவு. புதிய பெல்ட்டில் அந்த இடத்தில் நடுத்துளை, அதற்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு, அங்குலத்துக்கு ஒன்றாக. யோசிக்காமல் செய்கிற வேலை. ஆயிரம் முறை செய்திருக்கிறேன்.

அன்றும் யோசிக்கவில்லை. மிக அதிகம் இழுபட்ட துளையைக் கண் தானாகத் தேடியது. அளவு நாடாவை வைத்தேன். முப்பத்தொன்று அங்குலம். சீட்டில் எழுதினேன். துளை கத்தியால் போட்டதுபோல் நீளமாகப் பிளந்திருந்தது கண்ணில் பட்டது. பண்ணைக்காரர்கள் ஆணியாலும் கத்தியாலும் துளை போட்டுக்கொள்வது தினமும் பார்ப்பதுதான்.

மூன்று நாள் வேறு எதையும் தொடவில்லை. வெர்னிடம் வாங்கிய முதுகுத் தோலில் பட்டையை அறுத்து, நனைத்து, ஈரம் உள்ளே இறங்கி மேல்நிறம் திரும்பும் வரை காத்திருந்து ரோஜாக்களை வெட்டினேன். எழுத்துகளைச் சுற்றி உளியால் அமுக்கி எழுப்பினேன். இரண்டு ஊசியால் ஓரம் தைத்து, மாட்டுக்குளம்பு எண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். நன்றாக வந்திருந்தது. நான் செய்தவற்றில் சிறந்தது என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஓரின் வந்து, கால்சட்டைப் பட்டிகளில் அதைக் கோத்து இழுத்தான். நுனித் துளைக்கே எட்டவில்லை.

"மூச்ச இழு," என்றேன். இழுத்தான். இன்னும் மூன்று அங்குலம் வேண்டியிருந்தது.

"துக்கத்துக்கு ஊரே கொண்டுவந்து குடுத்த சாப்பாடு மொத்தத்தையும் நீயே காலி பண்ணிட்டியா?"

சிரித்தான். மறுபடி இழுத்தான். சிரிப்பு நின்றது.

"இருபது வருசமா அவன் பெல்ட்ட நான் எடுத்துக் கட்டியிருக்கேன் மார்வா. அவன் திட்டிட்டே தேடுவான். ஒரே துளையிலதான் நிக்கும்."

அட்டைப் பெட்டியைத் திறந்து லைலின் பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். முப்பத்தாறு. அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பழைய பெல்ட்டைக் கல்மேல் நீட்டினேன். இருவரும் குனிந்தோம்.

"தோல் சுருங்கும்தானே?" என்றான் ஓரின்.

ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் கையில் நாடா இருந்தது. நான் அன்று போட்ட நடுத்துளை வரை அளந்தேன்.

"சுருங்கியிருக்கு. கால் அங்குலம்கூட இருக்காது."

நான் போட்ட துளைகள் ஐந்தும் வட்டமானவை. ஐந்தாவதற்கு அப்பால், கொக்கிப் பக்கமாக, இன்னும் மூன்று இருந்தன, அங்குலத்துக்கு ஒன்று. கத்திமுனையால் குத்தித் திருகியவை. முதலாவது நேராக இருந்தது. இரண்டாவது சற்றுச் சாய்ந்திருந்தது. மூன்றாவதைப் போட்ட கை நடுங்கியிருந்தது. ஒவ்வொன்றின் அருகிலும் கொக்கி அழுந்திய தடம் இருந்தது.

"இது மூணும் உங்களுது இல்லியே?"

"இல்ல. என் துளை போடுற பஞ்ச் வட்டமாத்தான் போடும்."

"போன செப்டம்பர்ல இந்தப் பெல்ட்ட நான் கட்டியிருக்கேன். அப்ப இது இல்ல."

அவன் விரலால் நடுத்துளையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனான். அஞ்சு அங்குலம், என்றான், தனக்குத்தானே.

"ஒரு துளைக்கு எத்தன நாளாகும் மார்வா?"

"எனக்குத் தெரியல ஓரின்."

"நீங்க பெல்ட் செய்றவங்க."

"எனக்குத் தோலப் பத்தித்தான் தெரியும்."

"பூவேலை இல்லாம நீளமா வேற ஒண்ணு செஞ்சு தரேன், ராத்திரி உக்காந்தா முடிஞ்சிரும்," என்று தொடர்ந்தேன். அவன் கேட்கவில்லை. எட்டாத பெல்ட்டைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டான். பழையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

அவன் போன பிறகு பழைய பெல்ட்டின் நுனியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். முள்ளம்பன்றி தின்றால் விளிம்பில் பல்வரிசை இருக்கும். இங்கே விளிம்பு நேராக இருந்தது. பசிக்கு மெல்ல, லைலே கத்தியால் அறுத்து எடுத்திருந்தான். இதை நான் ஓரினிடம் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

கோடை வைக்கோல் வேலையில் போனது. அக்டோபர் கடைசியில் தீவனக் கடையில் அவனைப் பார்த்தேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் அந்தப் பெல்ட் இருந்தது, முதல் துளையில் மாட்டி.

"இளச்சிட்டியே," என்றேன்.

"உங்க பெல்ட்டு வீணாப் போகக் கூடாதுல்ல," என்றான். கடைக்காரன் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றிநாள் விருந்துக்கு மறுவாரம் அவன் என் கடைக்கு வந்தான். சட்டை அவன்மேல் கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. பெல்ட்டைக் கழற்றிக் கல்மேல் வைத்தான். ஐந்தாவது துளை நீண்டு கிழியத் தொடங்கியிருந்தது.

"இன்னொண்ணு போடுங்க."

"உக்காரு. அடுப்புல பீன்ஸ் இருக்கு. பன்றி எலும்பு போட்டது."

"செப்டம்பர் கடைசியில சாப்பாட்டக் குறைக்க ஆரம்பிச்சேன்," என்றான். நாற்காலியைப் பார்க்கவே இல்லை. "ஒரு அங்குலத்துக்கு ஒம்பது நாள் ஆகுது. சிலது பத்து. அதுவும் ஒரு வேளச் சாப்பாட்டோட. அவனுக்கு அது இல்ல, குளிரு வேற, அதனால பாதின்னு வெச்சுக்கலாம். நாங்க மலையிலேருந்து இறங்குனப்ப அவன் உங்க அஞ்சாவது துளையிலதான் இருந்திருப்பான். கத்திய அப்ப எடுத்திருக்கவே மாட்டான், மார்வா. அதுக்கப்புறம்தான் மூணும்."

"நீ மட்டும் நிறுத்தல. நாங்க எல்லாருந்தான் நிறுத்துனோம்."

"நீங்க எல்லாரும் என் வாயத்தான் பாத்தீங்க."

"சரி, தெரிஞ்சுக்கிட்டல்ல? லைலோட அளவு முப்பத்தொண்ணு. நீ அதத் தாண்டி ரெண்டு அங்குலம் வந்துட்ட. இன்னும் எதுக்கு?"

"முப்பத்தொண்ணுல அவன் முடிஞ்சான்னு யார் சொன்னா? அதுக்கு மேல கத்தி பிடிக்கத் தெம்பு இருந்திருக்காது. அவ்வளவுதான்."

"பஞ்ச் மழுங்கிக் கிடக்கு. சாணைக்குப் போகணும்."

"பரவால்ல," என்று சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துத் திறந்தான். கொம்புப் பிடியில் எல்.ஹெச். என்று செதுக்கியிருந்தது.

முனை தோலைத் தொடும் முன் பெல்ட்டை என் பக்கம் இழுத்தேன். தோல் அறுக்கும் பிறைக்கத்தி கைக்கு எட்டும் இடத்தில்தான் எப்போதும் இருக்கும். லைலின் பெயருக்கு நடுவே வைத்து ஒரே அமுக்கு. காட்டு ரோஜாக்களோடு பெல்ட் இரண்டாகப் போனது.

ஓரின் இரண்டு துண்டுகளையும் பார்த்தான். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப நான் எதக் கட்டிட்டு வீட்டுக்குப் போறது?"

"வேற செஞ்சு தரேன். முப்பத்தாறு. அதுவரைக்கும் இந்தா."

மூலையில் கிடந்த வைக்கோல் கட்டும் கயிற்றில் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தேன். அவன் அதைப் பட்டிகளில் கோத்து முடிச்சுப் போட்டான். பிறகு உட்கார்ந்தான். ஒரு தட்டு பீன்ஸ் சாப்பிட்டான். இன்னொன்று வைத்தேன், அதையும் சாப்பிட்டான். ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "உப்பு கம்மி," என்றான். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

புதிய பெல்ட் ஒரு வாரத்தில் தயாராகிவிட்டது. சீட்டிலிருந்த அளவை இரண்டு முறை சரிபார்த்துச் செய்தேன். ஆணியில் தொங்குகிறது. இரண்டு முறை ஆள் சொல்லி அனுப்பியும் அவன் எடுக்க வரவில்லை.

நேற்று தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றான். இடுப்பில் அதே கயிறு. முடிச்சிலிருந்து தொங்கிய மிச்சம், நான் கொடுத்த அன்று விரல் நீளம்தான் இருந்தது. நேற்று அது ஏறக்குறைய ஒரு சாண் இருந்தது. நான் என் கடிதங்களை வாங்க நிற்காமல் வெளியே வந்துவிட்டேன். கயிற்றுக்குத் துளை போடத் தேவையில்லை என்பது கொடுக்கும்போது எனக்குத் தோன்றவில்லை.