செவ்வாய்க்கிழமை எட்டேகால் வண்டி

பஸ் டிப்போ மேனேஜர் புகார்க் காகிதத்தை ஓட்டுநர் பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தார். ஒரே வரிதான் இருந்தது: 'செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் வண்டியின் ஓட்டுநர் என்னை அவமானப்படுத்தினார்.' கீழே இருந்த பெயரைக் கட்டைவிரலால் மறைத்திருந்தார்.

"யாரு சார் இது?" என்றார் ஓட்டுநர்.

"சொல்லக்கூடாது. சொன்னா அவங்க வீட்டு வாசல்ல போய் நிப்ப."

"நான் என்ன சொன்னேனாம்?"

"அதை எழுதலை. நடந்துச்சா இல்லையான்னு சனிக்கிழமைக்குள்ள நீ எழுதிக் குடு. ஏற்கெனவே உன்மேல ஒரு புகார் இருக்கு. இதுவும் உறுதியாச்சுன்னா மதிய ஷிப்ட்தான்."

மதிய ஷிப்ட் என்றால் ஓட்டுநர் வீடு திரும்ப இரவாகிவிடும். மகளுக்கு வலிப்பு வரும்; தனியாக விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மதியத்திலிருந்து இரவுவரை வேலை. நாலு மணிக்குப் பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறக்க அவரை விட்டால் ஆளில்லை.

'நடக்கவில்லை' என்று எழுதிவிட்டால் முடிந்தது. ஆனால் நடக்கவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேச்சு வாயிலிருந்து போகிறது! "உள்ள போங்க, உள்ள என்ன பாம்பா இருக்கு?" என்பதைத் தினம் நூறு தடவை சொல்கிறார். அதைப் போய் யாராவது மனதில் வைப்பார்களா? வைப்பார்களோ?

வியாழக்கிழமை கண்ணாடியில் தெரிந்த ஒவ்வொரு முகமும் அந்தக் கடிதத்தை எழுதிய முகமாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரிடமும் பணிந்து பேசினார்.

"வாங்கம்மா, பார்த்து ஏறுங்க. அவசரமே இல்லை."

தையற்கடைக்கார அம்மா படியிலேயே நின்றுவிட்டாள். "என்ன டிரைவர், உடம்புக்கு முடியலையா?"

அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் காதருகே வந்தார். "அண்ணே, இந்தப் பணிவைக் கொஞ்சம் நிறுத்துங்க. பிரேக் பிடிக்கலையான்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க."

வெள்ளிக்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்தார். கதவைத் திறக்காமல் எழுந்து வந்து இருக்கைகளுக்கு நடுவே நின்றார். ஆறு வருடமாகக் கண்ணாடியில் பார்த்த முகங்கள். நேரில் எல்லோருக்கும் வகிடு மறுபக்கம் இருந்தது. வேறு யாருடைய வண்டியிலோ ஏறிவிட்டதுபோல் ஒரு கணம் தடுமாறினார்.

"செவ்வாய்க்கிழமை நான் யாரையாவது மனசு நோகப் பேசியிருந்தா சொல்லிடுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்."

பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான்தான் அன்னிக்கு உங்களைத் திட்டினேன்," என்றாள் தையற்கடை அம்மா. "நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்திட்டீங்கன்னு உங்க வீட்டுல இருக்கறவங்களையும் சேர்த்து இழுத்துட்டேன். மனசு கேக்கலை."

அவருக்கு அதுவும் நினைவில்லை.

"வண்டியைப் படபடன்னு தட்டினது நான் சார்," என்றார் ஒரு குமாஸ்தா. "யோவ்னு கூப்பிட்டுட்டேன் அண்ணா, சாரி," என்றாள் ஒரு கல்லூரிப் பெண். அவமானப்பட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவது ஜன்னலோரம் உட்காரும் சாம்பல் சட்டைக்காரர் மட்டும் எழுந்தார். வாயைத் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"டிரைவர், பேசுறதெல்லாம் சரி. கதவைத் திறங்க, ஆபீசுக்கு நேரமாச்சு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கதவு திறந்ததும் முதல் ஆளாகச் சாம்பல் சட்டைதான் இறங்கிப் போனது. சொல்ல வந்தாரா, நேரமாகிவிட்டது என்று எழுந்தாரா?

சனிக்கிழமை மேனேஜர் விளக்கக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். 'நடந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நடக்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை. எழுதியவர் இன்னும் என் வண்டியில்தான் வருகிறார் என்று நினைக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

"இது ஆமாவா, இல்லையாய்யா?"

"தெரியலை சார்."

"உனக்கே தெரியலைன்னா நான் இதை எந்த ஃபைல்ல வைக்கிறது?" மேனேஜர் காகிதத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், பின்பக்கம் பதில் எழுதியிருப்பதுபோல. "போ. எனக்குப் புரியிற வரைக்கும் காலை வண்டியையே ஓட்டு."

திங்கட்கிழமை சாம்பல் சட்டைக்காரர் ஏறினார். ஜன்னலோரம் காலியாகத்தான் இருந்தது. உட்காரவில்லை, கண்ணாடிக்கு எட்டாத பின்படிக்கட்டருகே போய் நின்றுகொண்டார். அது கோபமா, வெட்கமா, அங்கே காற்று நன்றாக வருமா? கடைசி நிறுத்தம் வரை ஓட்டுநருக்குப் பிடிபடவில்லை.

நாலு மணிக்கு மகள் கதவைத் தட்டினாள். திறந்தவர் வழிவிடாமல், இவளையும் ஏதாவது சொல்லி நோகடித்திருப்போமோ என்பதுபோல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா அப்படிப் பாக்குறீங்க? நான்தான்ப்பா," என்றாள் அவள்.