சொந்த மெஷின், வாடகை மெஷின்

கடைக்குள் நுழைந்தால் இடது பக்கம் நிற்பது வாடகை மெஷின். வலது மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்பது சொந்த மெஷின். இரண்டும் மரத்தரையைத் தேய்த்து வழவழப்பாக்குகிற உருளை மெஷின்கள்தான். ஒரே நாளில் வாங்கியவைதான். ஆனால் ஒன்றுக்கு மகள் மரியாதை, மற்றதற்கு மருமகள் மரியாதை. கடைக்காரர் தம் வேலைக்கு எடுத்துப் போகிற மெஷினுக்கு வாரம் தவறாமல் தூசி ஊதி, பெல்ட் பார்த்து, வயரைத் தடவிப் பார்த்து ராஜ உபசாரம் நடக்கும். வாடகை மெஷின் ஓடுகிற வரைக்கும் ஓட வேண்டியதுதான்.

அவரைத் தெருவே 'அட்ஜஸ்ட் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். எதைச் சொன்னாலும் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பார். கெட்ட மனிதர் என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. அவசரத்துக்கு ஏணி கேட்டால் காசு வாங்காமல் கொடுத்தனுப்புவார். கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான். அதிலும் அடுத்தவர் கைக்குப் போகிற பொருள் என்றால் அந்தச் சோம்பல் இன்னும் சௌகரியமாகக் காலை நீட்டிக்கொள்ளும்.

அன்று காலை முதல் ஆளாக வந்தவர் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தையல்காரம்மா. கூடவே அவர் கணவர்.

"அண்ணே, தையல் கடைக்கு ரூம் பிடிச்சாச்சு. தரை மட்டும்தான் பாக்கி. புதுத்துணி கீழ பட்டாப் போதும், பலகைச் சிலாம்பு இழுத்து வெச்சுடுது."

கடைக்காரர் வாடகை மெஷினைக் காட்டினார். "இதை எடுத்துட்டுப் போங்கம்மா. சுவிட்ச் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கும். ஆஃப் பண்ணும்போது நிக்கலைன்னா விரலை மடக்கி இப்படி ஒரு தட்டு. நின்னுடும்."

"ஷாக் கீக் அடிச்சிடாதே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. எத்தனை பேர் எடுத்துட்டுப் போயிருக்காங்க."

தையல்காரம்மாவும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். நின்றது. இருவரும் திருப்தியாக மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அதற்குள் டீ வந்துவிட்டது.

உச்சிவேளைக்கு மகள் வந்தாள். கல்யாணமாகிப் பக்கத்துப் பேட்டையில் இருப்பவள்.

"அப்பா, ஹாலை நானே தேய்க்கப் போறேன். வாடகை மெஷினைக் குடுங்க. உங்க மெஷின் உங்களுக்கு வேணுமில்ல?"

"அது வெளிய போயிருக்கு. இருந்தா மட்டும் உனக்கு அதைக் குடுத்துடுவேனா? சுவிட்ச் சரியில்லாத சனியன்." போர்வையை விலக்கினார். "இதை எடுத்துக்கோ. நல்லா கேட்டுக்கோ. உருளை தரையைத் தொடாம தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். தூசிப்பை பாதி ரொம்பினாலே வெளிய கொண்டுபோய்க் கொட்டிடு. சூடான மரத்தூள், அப்படியே வெச்சா தீப்பிடிக்கும். உருளைல சுத்தியிருக்கிற உப்புத்தாளை மாத்தறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடணும். சுவிட்சை நம்பி உருளைல கை வைக்கவே கூடாது. நடுவுல கரன்ட் போச்சுன்னு வையி..."

மகள் குறுக்கே கேட்டாள். "இதையெல்லாம் அவங்ககிட்டயும் சொன்னீங்களா?"

"யார்கிட்ட?"

"அந்த மெஷினை எடுத்துட்டுப் போனவங்ககிட்ட."

கடைக்காரர் போர்வையை மடிக்க ஆரம்பித்தார். தலைக்கு மேல் ஃபேன் மெல்ல நின்றது. தெருவில் எங்கும் கரன்ட் இல்லை. வழக்கமான மத்தியான வெட்டுதான். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, எந்த நொடியும் வரலாம்.

அவருக்குத் தையல்காரம்மா ஞாபகம் வந்தது. ஓடும்போதே கரன்ட் போனால் மெஷின் தானாக நிற்கும். ஆனால் ஒட்டிக்கொண்ட சுவிட்ச் உள்ளே ஆனில்தான் இருக்கும். சும்மா இருக்கிற நேரத்தில் தாளை மாற்றிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். கரன்ட் திரும்பினால் உருளை அந்தக் கையோடு சுற்றும்.

போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பின்னாலேயே மகளும் ஓடினாள்.

தையல் அறையின் கதவு திறந்திருந்தது. தையல்காரம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கணவர் கைப்பிடியை அழுத்தி மெஷினைச் சாய்த்துப் பிடித்திருந்தார். தையல்காரம்மாவின் நான்கு விரல்கள் உருளையின் இடுக்குக்குள் நுழைந்து, கிழிந்த தாளை இழுத்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் சுவரோரம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"என்னண்ணே, கரன்ட்தான் இல்லையே," என்று கணவர் சிரித்தார்.

கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தையல்காரம்மா தாளை உருவி எடுத்து உதறினார். அடுத்த தாளுக்குக் கை நீட்டும்போது ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

தையல்காரம்மா ஃபேனைப் பார்த்தார். பிறகு கடைக்காரர் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். வலது கையை மடிக்கு இழுத்து, இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தட்டினா நிக்கும்னு சொன்னீங்க. தட்டினேன். மெஷின்தான் முன்னாடியே நின்னு போயிருந்துச்சே. சுவிட்ச் ஆஃப் ஆச்சா இல்லையான்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"தெரியாதும்மா. தெரியறதுக்கு வழியே இல்லை. தப்பு என்னோடது."

"இந்த விரலை வெச்சுத்தாண்ணே எங்க வீட்ல அடுப்பு எரியுது."

கணவர் மெஷினைக் கீழே இறக்கிவிட்டு வந்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "இதை உங்க பொண்ணு கையில குடுப்பீங்களா?"

மகள் வாசலில்தான் நின்றாள். கடைக்காரர் அவளைப் பார்த்தார். ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், மகள் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

"மாட்டேன்," என்றார். "இப்பத்தான் அவ வந்து கேட்டா. குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன்."

அவருக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மகள்தான் உள்ளே வந்து அவர் கையிலிருந்த பிளக்கை வாங்கி வயரைச் சுற்றினாள். "என் ஹால் எங்கயும் ஓடிப்போகாது. நம்ம மெஷினை இங்க கொண்டு வாங்கப்பா. எனக்குச் சொன்னதை இவங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

அப்படியே செய்தார்.

சாயங்காலம் வாடகை மெஷினின் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். உள்ளே மாவு மாதிரி மரத்தூள் அடைத்துக் கிடந்தது. ஊதிச் சுத்தம் செய்து புது சுவிட்ச் போட அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைத்தான் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார். எலக்ட்ரிக்கல் கடையில் விசாரித்தால், புது சுவிட்ச் மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள்.

அந்நேரம் பார்த்து ஒரு கான்ட்ராக்டர் வந்து நின்றார். "நாளைக்குக் காலைல வேலை ஆரம்பிக்கணும்ணே. பழைய சுவிட்சையே மாட்டிக் குடுங்க, நான் பாத்துக்கறேன். எனக்குத் தெரியாத மெஷினா?"

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"உங்களுக்குத் தெரியும். அதைப் பிடிச்சு ஓட்டப் போறவனுக்கு? என் பொண்ணு கையில குடுக்க மனசு வராத பொருளை இனிமே யார் கையிலயும் குடுக்கறதா இல்லைங்க. வாடகைக்கு எடுக்கறவங்களும் ஒருத்தர் பெத்த பிள்ளைங்கதான்."